சுமை யார் தலையில்?
கோர்ட் படி ஏறும் முன் ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டியது



"உண்மை நம்ம பக்கம் இருக்கு, கோர்ட்ல பாத்துக்கலாம்" என்று நம்பி முன்சீப் கோர்ட்டுக்குப் போகிறோம். வாய்தா மேல் வாய்தா. நடவு வேலையை விட்டுவிட்டுப் போய் மரத்தடியில் நிற்கிறோம். வருஷக்கணக்கில் அலைந்து கடைசியில் தீர்ப்பு வருகிறது. நாம் போட்ட வழக்கு என்றால், "வாதி தன் வழக்கை மெய்ப்பிக்கத் தவறிவிட்டார்." நம் மீது போட்ட வழக்கு என்றால், "பிரதிவாதி தன் எதிர்வாதத்தை மெய்ப்பிக்கத் தவறிவிட்டார்." வாதியாகப் போனாலும் நாமே தவறியவர், பிரதிவாதியாக நின்றாலும் நாமே தவறியவர்! இது எப்படி?

ஜட்ஜ் விலை போயிட்டார், வக்கீல் கவுத்துட்டார் என்று டீக்கடையில் பேசிவிட்டுக் கலைந்து போகிறோம். அப்படிப் பேசினால் மனசு ஆறும். ஜப்திக்குப் போன நிலம் திரும்ப வருமா? உண்மைக் காரணம் வேறு. உண்மை யார் பக்கம் என்று கோர்ட் முதலில் கேட்பதில்லை. நிரூபிக்கிற சுமை யார் தலையில் என்றுதான் கேட்கிறது. அந்தச் சுமையை நம் தலையில் ஏற்றிவிடும் வித்தை வட்டிக்காரனுக்குத் தெரியும், கம்பெனிக்காரனுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை. தெரியாமலே வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872ல் வெள்ளைக்காரன் போட்ட சாட்சியச் சட்டம் நம் நாட்டில் 150 வருஷத்துக்கு மேல் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023 என்ற சட்டம் வந்திருக்கிறது. பேர் மாறியது, பிரிவு எண் மாறியது. இந்த விஷயத்தில் உள்ளே இருக்கிற விதி மாறவில்லை. பழைய 101வது பிரிவு இப்போது 104வது பிரிவு. அது சொல்வது இதுதான்: ஒரு சங்கதி நடந்தது என்று சொல்லி அதை வைத்து உரிமை கேட்கிறவன் எவனோ, அவனே அதை நிரூபிக்க வேண்டும். அடுத்த பிரிவு அதற்கு உரைகல். இரண்டு தரப்பும் ஒரு சாட்சியமும் கொடுக்காமல் சும்மா நின்றால் யார் தோற்பார்களோ, அவர் தலையில்தான் சுமை.

கடன் கொடுத்தேன் என்று பிராது போடுகிறவன், கொடுத்ததை நிரூபிக்க வேண்டும். திருப்பிக் கட்டிவிட்டேன் என்று நாம் சொன்னால், கட்டியதை நாம் நிரூபிக்க வேண்டும். இதுவரை நியாயம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பது சிவில் வழக்கில் கிடையாது. இரண்டு தரப்புச் சாட்சியத்தையும் தராசில் வைத்து, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்க்கிறார்கள். தட்டு கொஞ்சம் சாய்ந்தால் போதும். ஆனால் தட்டில் போட ஏதாவது வேண்டுமே! வெறும் வாய்ப்பேச்சைப் போட்டால் தட்டு இறங்குமா?

சுமை நடுவில் கை மாறவும் செய்யும். அடிப்படைச் சுமை வழக்குப் போட்டவன் மேல் கடைசி வரை இருக்கும். ஆனால் அவன் ஒரு ஆதாரத்தைக் காட்டிவிட்டால், அதற்குப் பதில் காட்டும் சுமை நம் தலைக்கு வரும். நாம் ஒன்றைக் காட்டினால் திரும்ப அவன் தலைக்குப் போகும். களத்து மேட்டில் மூட்டை மாற்றுவது போலத்தான். யார் தலையில் மூட்டை இருக்கும்போது சாட்சியம் தீர்ந்து போகிறதோ, அவர் தோற்றார்.

வட்டிக்காரன் கையில் இருக்கும் ஆயுதம் எது?

இப்போது ஊரில் நடப்பதைப் பார்ப்போம். விதைப்புக்குப் பணம் வேண்டும். 50 ஆயிரம் கேட்கிறோம். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறான். அச்சடித்த புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க, எல்லாம் நம்பிக்கைதானே" என்கிறான். தொகை எழுதவில்லை, தேதி எழுதவில்லை. நாமும் போடுகிறோம். நாலு தடவை, அஞ்சு தடவை கட்டுகிறோம். ரசீது கேட்டால் "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபம் வேறு வருகிறது! அப்புறம் ஒரு சண்டை வந்தால், அதே புரோநோட்டில் 3 லட்சம் என்று எழுதி வழக்குப் போடுகிறான்.

அவன் கடன் கொடுத்ததை நிரூபிக்க வேண்டாமா? வேண்டாம்! மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881ன் 118வது பிரிவு அவனுக்குக் கை கொடுக்கிறது. புரோநோட்டில் இருப்பது உன் கையெழுத்து என்று ஆகிவிட்டால், பணம் வாங்கிக்கொண்டுதான் போட்டாய் என்று கோர்ட் அனுமானிக்க வேண்டும். ஸ்டாம்பு ஒட்டி வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள வைத்திருப்பவனுக்கு நீயே அதிகாரம் கொடுத்ததாக அதே சட்டத்தின் 20வது பிரிவு சொல்கிறது. காசோலைக்கும் இதே கதி. மிரட்டல் இல்லாமல் தானாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், கடனுக்குக் கொடுத்தது என்ற அனுமானம் நிற்கும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

புரிகிறதா? அவன் தலையில் இருக்க வேண்டிய மூட்டையை ஒரே கையெழுத்தில் நாம் நம் தலைக்கு மாற்றிக்கொண்டோம். "நான் அவ்வளவு வாங்கலீங்க" என்று நாம் நிரூபிக்க வேண்டும். நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

இந்த அனுமானத்தை உடைக்க முடியுமா?

முடியும். இதைத்தான் வட்டிக்காரன் சொல்ல மாட்டான். 118வது பிரிவின் அனுமானம் உடைக்கக்கூடிய அனுமானம். ஒரு புரோநோட்டு வழக்கில் 1999ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பணம் கைமாறவே இல்லை என்று பிரதிவாதி முழுசாக நிரூபிக்க வேண்டியதில்லை, அவர் சொல்வது நடந்திருக்கக் கூடியது என்று காட்டினால் போதும், சுமை திரும்ப வாதி தலைக்குப் போய்விடும்.

எதை வைத்துக் காட்டுவது? முதலாவது, அவனுடைய கணக்குப் புத்தகம். லேவாதேவி செய்கிறவன் கணக்கு வைத்திருப்பான். அதைக் கோர்ட்டுக்குக் கொண்டு வரச் சொல்லி மனுப் போட வேண்டும். கொண்டு வராவிட்டால், கொண்டு வந்தால் தனக்கு எதிராக இருக்கும் என்பதால்தான் மறைக்கிறான் என்று கோர்ட் கருதலாம். அப்படிக் கருதுவதே புரோநோட்டு அனுமானத்தை உடைக்கப் போதுமானதாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1961லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எத்தனை வழக்கில் நம் தரப்பில் இந்த மனுவைப் போட்டிருக்கிறோம்? உங்கள் வக்கீலைக் கேளுங்கள்.

இரண்டாவது, 3 லட்சம் கொடுத்தேன் என்கிறாயே, அவ்வளவு பணம் உன்னிடம் எப்படி இருந்தது என்று கேட்பது. 2019 ஏப்ரலில் 6 லட்ச ரூபாய் காசோலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. கொடுத்தவனின் வசதியைக் கேள்வி கேட்டு, அவன் விளக்க முடியாமல் நின்றதால் அனுமானம் உடைந்தது. குறுக்கு விசாரணையில் கேட்காத கேள்விக்குத் தீர்ப்பில் பதில் வராது.

மூன்றாவது, காலாவதி. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று வருஷம்தான் கெடு. அது தாண்டிவிட்டால், புரோநோட்டின் முதுகில் "வரவு ரூ.500" என்று தானே எழுதி உயிர் கொடுக்கப் பார்ப்பான். கட்டியவர் கையெழுத்தோ கையால் எழுதிய குறிப்போ இல்லாத வரவு, கெடுவை நீட்டாது. அந்த வரவு உண்மை என்று நிரூபிக்கும் சுமை அவன் மேல்.

ஒரு எச்சரிக்கை. சில பேர் பதிலுரையில் கண்ணை மூடிக்கொண்டு "கையெழுத்தே என்னுடையது இல்லை" என்று எழுத வைக்கிறார்கள். உண்மையிலேயே உன்னுடையது இல்லை என்றால் எழுது. அப்போது நிரூபிக்கும் சுமை முழுக்க அவனுடையது. உன் கையெழுத்தாக இருந்து பொய்யாக மறுத்தால், கையெழுத்து ஒத்துப் போன அன்றைக்கே நீ சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து மூழ்கிவிடும். "கையெழுத்து என்னுடையது, தொகை என்னுடையது இல்லை" என்று சொல்கிற தைரியம் வேண்டும்.

சம்மன் வந்தால் வாங்க மறுத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதும் தற்கொலைதான். சம்மன் கிடைத்து 30 நாளில், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை, பதிலுரை போட வேண்டும். பிராதில் சொன்னதைக் குறிப்பாக மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை! ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிட்டதா? அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள்தான். ஜப்தி அமீனா வாசலுக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

"கிரயம் பேருக்குத்தான்" என்கிற பொறி

புரோநோட்டை விடப் பெரிய பொறி இது. கடனுக்கு ஈடாக நிலத்தையே கிரயம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். "பணத்தைக் கட்டினதும் திருப்பி எழுதித் தந்துடறேன்" என்று வாயால் சொல்கிறார்கள். பத்திரத்தில் எழுதியிருப்பதற்கு மாறாக வாய்ச் சாட்சி சொல்ல சட்டம் சுலபத்தில் விடாது. திருப்பித் தருகிற நிபந்தனையோடு கூடிய கிரயம் அடமானமாகக் கணக்காக வேண்டுமானால், அந்த நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 58வது பிரிவு சொல்கிறது. அந்தக் கிரயமே வெறும் போலி ஏற்பாடு என்று வாதாடலாம்தான். ஆனால் சுமை முழுக்க நம் தலையில். பரம்பரை நிலத்தை ஒரு வாய் வார்த்தையை நம்பி எழுதிக் கொடுக்காதீர்கள். அடமானம் என்றால் அடமானம் என்றே எழுதிப் பதிவு செய்யுங்கள்.

நில வழக்கில் சுமை

"பக்கத்துக் காட்டுக்காரன்கிட்ட பத்திரமே இல்ல, அதனால நான் ஜெயிச்சிடுவேன்" என்று போய்த் தோற்றவர்கள் ஏராளம். உரிமை கேட்டு வழக்குப் போட்டவர் தன் சொந்தக் காலில் நின்று ஜெயிக்க வேண்டும். எதிராளியின் ஓட்டை நமக்குச் சாதகமாகாது. உச்ச நீதிமன்றம் 2014லும் இதை அடித்துச் சொல்லியிருக்கிறது. பட்டா மட்டும் இருந்தால் நிலம் நம்முடையது என்று நினைப்பதும் தப்பு. வருவாய்த் துறைப் பதிவு உரிமையைத் தராது. கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், தாய்ப் பத்திரம் இவைதான் உரிமை பேசும்.

அப்படியானால் பட்டா, சிட்டா, அடங்கல், கிஸ்து ரசீது எதற்கும் உதவாதா? உதவும். நிலத்தில் உழுதுகொண்டு இருப்பது யார் என்று காட்ட அவைதான் சாட்சி. நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பவருக்கு அது சொந்தமில்லை என்று எவன் சொல்கிறானோ, அவனே நிரூபிக்க வேண்டும். இது பழைய 110வது பிரிவு, புதிய 113வது பிரிவு. அதாவது அனுபவத்தை நாம் காட்டினால் மூட்டை அவன் தலைக்குப் போகும். ஒவ்வொரு பசலிக்கும் அடங்கலில் நம் பேரும் நம் பயிரும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம். களத்துக்கே வராமல் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய அடங்கல் ஒரு நாள் கோர்ட்டில் நமக்கு எதிராகப் பேசும்.

விதை முளைக்காவிட்டால்?

விதை வாங்கி விதைத்தோம். பூக்க வேண்டிய நேரத்தில் பூக்கவில்லை. கம்பெனிக்காரன் என்ன சொல்கிறான்? "விதை கெட்டதுன்னு லேப்ல நிரூபி." விதையெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது, எதைக் கொண்டு போய் நிரூபிப்பது? இந்தக் கேள்விக்கு 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. ஆந்திர விவசாயிகள் நுகர்வோர் மன்றத்தில் ஜெயித்ததை எதிர்த்து தேசிய விதைக் கழகம் மேல்முறையீடு போனது. விவசாயி வாங்கிய விதையை முழுக்க விதைத்துவிடுவான், பின்னால் வழக்கு வரும் என்று ஒரு பிடி எடுத்து வைத்திருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது, அதே ரக விதை கம்பெனியிடம் இருக்கும்போது அவர்களே சோதனைக்குக் கொடுத்திருக்கலாம் என்று கோர்ட் சொன்னது. மேல்முறையீடு தள்ளுபடி!

பாருங்கள், சட்டத்துக்கு நியாயமும் தெரிகிறது. ஒரு சங்கதி யாருக்கு மட்டும் விசேஷமாகத் தெரியுமோ, அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று ஒரு பிரிவே இருக்கிறது. பழைய 106, புதிய 109. ஆனால் இந்தப் பலன் கிடைக்க முதல் அடியை நாம் வைக்க வேண்டும். வாங்கியதற்குப் பில், லாட் நம்பர் உள்ள பை, வேளாண்மை அதிகாரி வயலைப் பார்த்து எழுதிய அறிக்கை, இந்த மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால் "மழை சரியில்ல, தண்ணி சரியில்ல" என்று கம்பெனி நழுவிவிடும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் கெடு.

கையில் பேப்பர் இல்லாதது யார் குற்றம்?

"படிக்காதவன் கையெழுத்துப் போட்டான், அனுபவிக்கிறான்" என்று சில மேதாவிகள் பேசுகிறார்கள். அவர்களைக் கேட்கிறோம். குத்தகை விவசாயி பேரில் அடங்கல் தர மறுப்பது யார்? அடங்கல் இல்லை என்று கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் மறுப்பது யார்? பயிர்க் கடன் இல்லை என்றால் அவன் யாரிடம் போவான்? வட்டிக்காரனிடம்தான். வட்டிக்காரன் வெற்றுப் புரோநோட்டு இல்லாமல் கொடுப்பானா? பசித்தவனைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டு, "ஏன் பாத்து நடக்கல?" என்று கேட்பதா?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. லேவாதேவிக்காரன் உரிமம் வாங்கிக் கணக்கு வைத்து ரசீது தர வேண்டும் என்று 1957லேயே இந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. கந்துவட்டிக்கு எதிராக 2003ல் தனிச் சட்டமே வந்தது. விதை விற்கிறவன் பில் தர வேண்டும் என்று 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. உரத்துக்கு 1985 ஆணை சொல்கிறது. குத்தகையைப் பதிவு செய்ய 1969 சட்டம் இருக்கிறது. எல்லாம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது! ஊருக்குள் வரவில்லை.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்கிறார்கள். "சொன்னவன் நிரூபிக்கணும்" என்ற விதி இரும்புப் பெட்டி நிறையப் பேப்பர் வைத்திருப்பவனுக்கும் ஒன்று, ட்ரங்குப் பெட்டியில் ஒரு கிழிந்த பட்டா வைத்திருப்பவனுக்கும் ஒன்றுதான். அதனால்தான் கேட்கிறோம். கோர்ட்டில் நிரூபிக்கச் சொல்கிற அரசாங்கம், நிரூபிக்கிற பேப்பரை வயலிலேயே எங்கள் கைக்குக் கொண்டு வந்து தரட்டும்.

அரசுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் நம் கோரிக்கைகள்:

1. கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பருவத்திலும் வயலுக்கு வந்து பயிர் ஆய்வு செய்து, உழுகிறவர் பேரை அடங்கலில் ஏற்ற வேண்டும்.
2. குத்தகை விவசாயிகளின் உரிமையைப் பதிவு செய்ய வட்டம் தோறும் சிறப்பு முகாம் நடத்த வேண்டும். பதிவானவர்களுக்குக் கூட்டுறவுப் பயிர்க் கடன் தர வேண்டும்.
3. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவர்கள் மீதும், ரசீது தராதவர்கள் மீதும் வழக்குப் பதிய வேண்டும்.
4. விதை, உரம், பூச்சிமருந்துக் கடைகளில் பில் இல்லாத விற்பனையைத் தடுக்க வேண்டும்.
5. பயிர் கெட்டதாகப் புகார் வந்தால், பயிர் வயலில் நிற்கும்போதே அதிகாரி வந்து பார்த்து, அறிக்கை நகலை விவசாயிக்குக் கொடுக்க வேண்டும்.

நாம் இன்றே செய்ய வேண்டியது:

வெற்றுப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், தொகையையும் தேதியையும் எண்ணாலும் எழுத்தாலும் உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கட்டுகிற பணத்தை முடிந்தவரை வங்கி வழியாகக் கட்டுங்கள். கடன் தீர்ந்த அன்றே புரோநோட்டைத் திருப்பி வாங்குங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையா? வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டம்.

தனி ஆளாக ரசீது கேட்டால் "உனக்கு இனிமே கடன் கிடையாது, போ" என்பான். ஊரே சேர்ந்து கேட்டால் யாரைப் போ என்பான்? ஒரு விவசாயி பில் கேட்டால் கடைக்காரன் முறைப்பான். நூறு பேர் கேட்டால் பில் புக் தானாக மேசைக்கு வரும். கோரிக்கை மனுவோடு தாலுகா அலுவலகம் முன் ஆர்ப்பாட்டத்துக்குக் கிளம்புவோம். வரும்போது கையில் இருக்கிற பட்டா, சிட்டா நகலையும் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள், "ஏன் இல்லை?" என்ற கேள்வியைக் கொண்டு வாருங்கள்.

எங்கள் தலையில் ஏற்றிய சுமை போதும்!
உழுகிறவர் பேரை அடங்கலில் ஏற்று!
ரசீது கொடு! பில் கொடு! கணக்கைக் காட்டு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
ஒன்றியச் செயலாளர்,
விவசாயிகள் சங்கம்.